பஸ்தியானின் ஆறு போத்தல்கள்

காய்ச்சி வடித்த தண்ணீருக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்திருக்கிறது என்று றிப்னாவும் அருள்குமரனும் கண்டுபிடித்தது, அவர்கள் பயிற்சிக்கு வந்த மூன்றாம் நாள்.

இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் வைரஸ்களைப் பற்றிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவர்கள். றிப்னாவின் ஊர் தில்லையடி. அருள்குமரனின் ஊர் மீன்பிடிக் கிராமமான உடப்பு. ஊருக்குக் கிட்ட இருக்கிறது என்பதற்காகவே பாலாவியில் இருந்த சின்ன ஆய்வுகூடத்தை ஒன்றரை மாத, ஆறு கிழமைப் பயிற்சிக்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள். சண்டை முடிந்து ஐந்து வருடமாகியிருந்தது. கடலோடு சேர்ந்த உப்புநீர்க் களப்பின் ஓரமெல்லாம் கைவிட்டுக் கிடந்த இறால் பண்ணைகளில் மறுபடி தண்ணீர் ஏறியிருந்தது. இறால் வந்தால் இறாலின் நோயும் வரும். வெள்ளைப்புள்ளி வைரஸ் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. இறாலுக்கோ, புகுந்தால் ஒரு கிழமையில் குளமே காலி.

பண்ணைக்காரர்கள் கொண்டுவரும் இறாலில் ஒரு துண்டை வெட்டி, அரைத்து, அதிலிருந்து வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்து, மெஷினில் வைத்துப் பெருக்கி, ஜெலி மாதிரியான ஒரு பலகையில் ஓடவிட்டு, நீல விளக்கில் பார்ப்பார்கள். உரிய இடத்தில் வெளிச்சக் கோடு விழுந்தால் நோய். கோடு இல்லாவிட்டால் சுகம். தாங்கள் செய்தது சரிதானா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் வெறும் தண்ணீரை விட்டு அதையும் ஓட்ட வேண்டும். தண்ணீரின் வரிசை இருட்டாகத்தான் இருக்கவேண்டும்.

அன்றைக்கு அது வெசாக் பண்டிகை விளக்குக் கூடு மாதிரி எரிந்தது.

"மிஸ், தண்ணிக்கும் வருத்தம்," என்றான் அருள்குமரன்.

"அப்ப தண்ணிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்றார் ஸுல்பிகா. பிளேன்டீ குடிக்க வெளியே போய்விட்டார்.

ஸுல்பிகா அந்த ஆய்வுகூடத்தில் பதினான்கு வருடமாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பட்டம் கிடையாது. பட்டம் எடுக்கப்போகிறவர்களை அவர்தான் பழக்கி அனுப்புவார். பிழை எங்கே நடந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. முதல் நாளே றிப்னா அதைக் கேட்டிருந்தாள்.

"நான் சொன்னா ஒங்களுக்கு ஒரு நாளைக்கு ஞாபகம் இருக்கும் புள்ள. வெக்கப்பட்டா மௌத்தாகி மண்ணுக்குப் போகும் மட்டும் இருக்கும்."

மறுநாளும் தண்ணீருக்கு நோய். அருள்குமரன் தண்ணீர்ப் போத்தலில் பிழை என்று புதுப் போத்தல் திறந்தான். றிப்னா மெஷினைச் சந்தேகப்பட்டாள். அதற்கடுத்த நாள் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். அருள்குமரன் உடப்புக்காரன் என்பதால் இறாலை வெட்டும் வேகம் அவனுக்குக் கையோடு வந்தது. அந்த வேகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றாள் றிப்னா. றிப்னா நிமிடத்துக்கு ஒருமுறை கொப்பியில் எழுதுவாள். அந்தக் கொப்பிதான் நோயைக் காவுகிறது என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஸுல்பிகா மருந்துக்கடைக்குப் போய் ஒரு அட்டை விற்றமின் குளிசை வாங்கிவந்தார். பி-இரண்டு. நீல விளக்குக்குக் கீழே அது பச்சை மஞ்சளாக ஒளிரும் என்பது அவருக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. குளிசையை உரலில் இட்டு மாவாக்கி, கைக்குப் பூசும் கிறீமில் குழைத்து, அன்றைய இறால் குழாய்களில் ஒன்றின் வெளிப்புறத்தில் மெல்லப் பூசி, ஒன்றும் தெரியாதவர் போல் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

பின்னேரம் நான்கு மணிக்கு யன்னல்களைச் சாத்தச் சொன்னார். லைற்றை நூர்த்து இருட்டாக்கினார். நீலக் கைவிளக்கை எடுத்தார்.

"இன்டைக்கு இறால் வேணாம். ஒங்களப் பாப்பம்."

முதலில் அருள்குமரனின் கையுறை ஒளிர்ந்தது. அது எதிர்பார்க்கக்கூடியதுதான். பிறகு அவனுடைய கைத்தொலைபேசி ஒளிர்ந்தது. அதன்பின், புதிதாக வளர்த்துத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த மீசையின் இரண்டு நுனியும் மின்மினி போல் பளிச்சிட்டன. றிப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விளக்கு அவள் பக்கம் திரும்பியது. பேனை ஒளிர்ந்தது. கொப்பியின் மூலை ஒளிர்ந்தது. ஸ்கார்ஃபில் குத்திய ஊசியைச் சுற்றி, அவள் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை முறை அதைச் சரிசெய்கிறாள் என்பதற்குச் சாட்சியாக, விரல் அடையாளங்கள் வட்டமாக ஒளிர்ந்தன. சிரிப்பு நின்றது.

வெளிச்சம் அங்கேயிருந்து கதவுப் பிடிக்குப் போனது. கதவைத் தாண்டி, நோய் இருக்கவே கூடாத சுத்த அறைக்குள் போனது. அங்கே திரவத்தை உறிஞ்சி விடும் பிப்பெட்டில் இருந்தது. கடைசியில் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் இரண்டு விரல்கள் கையெழுத்துப் போட்ட மாதிரித் தெளிவாக இருந்தன.

"கண்டுபிடிச்சிட்டன் மிஸ், வருத்தம் தண்ணிக்கு இல்ல," என்றாள் றிப்னா மெதுவாக. "எங்களுக்கு."

அந்த நேரம் பார்த்து ஆய்வுகூடப் பொறுப்பதிகாரி ஹிஸ்புல்லா கதவைத் திறந்தார். "ஏன் இருட்டா இருக்கு? கரன்ட் போயிட்டா?"

ஸுல்பிகா திரும்பினார். விளக்கும் கூடத் திரும்பியது. ஹிஸ்புல்லாவின் உதட்டோரம் அழகாக ஒளிர்ந்தது.

"ஆய்வுகூடத்தினுள் உணவு உட்கொள்ளல் முற்றாகத் தடை" என்று மூன்று மொழியிலும் எழுதிக் கையொப்பமிட்டுச் சுவரில் ஒட்டியவர் அவர்தான். விளக்கு தன்பாட்டில் கதவுப் பிடியிலிருந்து புறப்பட்டு, தரையில் நடந்து, இரசாயனங்கள் வைக்கும் ஃபிரிட்ஜின் பிடியில் ஏறியது. அருள்குமரன் திறந்தான். மேல்தட்டில், போத்தல்களுக்குப் பின்னால், ஒரு பீங்கான் கிண்ணத்தில் பாதி தின்ற வட்டிலப்ப இனிப்பு. கிண்ணத்தின் விளிம்பெல்லாம் பச்சை விரல்கள்.

"அது... சோதிக்க வந்த ஒரு மாதிரி," என்றார் ஹிஸ்புல்லா.

"எந்தக் குளத்து மாதிரி சேர்?" என்று றிப்னா மரியாதையாகக் கேட்டாள்.

அதற்குப் பிறகு இருவருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மருந்து கலக்க ஓர் அறை, இறால் வெட்ட ஓர் அறை, கோடு பார்க்க ஓர் அறை. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கோட், தனிப் பேனை. போன வழியால் திரும்பி வரக்கூடாது. அருள்குமரன் மீசையை மழித்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை தண்ணீரின் வரிசை முதல்முறையாக இருட்டாக வந்தது. றிப்னா அந்த இருட்டைப் படம் எடுத்து உம்மாவுக்கு அனுப்பினாள். "ஒண்டும் தெரியுதில்லயே மவள்," என்று உம்மா பதில் போட்டார். "அதான் உம்மா சந்தோசம்," என்று இவள் எழுதினாள்.

ஆனால் தண்ணீருக்கு நோய் வந்த கதை அதற்குள் ஊருக்குப் போய்விட்டது. அனுப்பியவன் அருள்குமரன்தான். உடப்புக்குப் போக ஏறிய பஸ்ஸில் நின்றபடி, மீசை மின்மினியானது முதல் எல்லாவற்றையும் ஒரு நண்பனுக்குப் போனில் பெரிய சத்தத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறான். முன்சீட்டில் இறாலுக்குத் தீன் வாங்கச் சிலாபம் போய்க்கொண்டிருந்த ஒருவர் அதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பஸ்தியான். கண்டக்குழிக்காரர். கடல் பக்கம் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடும் வெள்ளைக்காரருக்கு மருமக்கள் படகு விட, இவர் களப்புப் பக்கம் இரண்டு இறால் குளம் வைத்திருந்தார். ஆய்வுகூடம் என்றாலே அவருக்கு எள்ளல். இறாலுக்குச் சாதகம் பார்க்கிற இடம் என்பார். ஒருநாளும் ஒரு மாதிரி கொண்டுவந்து கொடுத்ததில்லை.

நான்காம் கிழமை ஒரு காலையில் அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. பைக்குள் ஆறு சின்னப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறிய வெள்ளைச் சதைத் துண்டுகள். தோல் இல்லை, தலை இல்லை, வால் இல்லை. ஒன்று முதல் ஆறு வரை இலக்கம் மட்டும் எழுதியிருந்தது.

"இஞ்சயா தண்ணிக்கு வருத்தம் பாக்குற இடம்?"

அருள்குமரன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போக இடம் தேடினான்.

"இதுதான் ஐயா," என்றார் ஸுல்பிகா. "என்ன கொண்டு வந்தீங்க?"

"ஆறு போத்தில். எது என்னண்டு என்ட இந்தக் கடதாசியில எழுதி இருக்கு." சேட்டின் நெஞ்சுப் பையைத் தட்டிக் காட்டினார். "ஒங்கட பிள்ளையள் சரியாச் சொன்னா, இனிமேல் ஒவ்வொரு போகத்துக்கும் நான் இறாலைக் கொண்டுவந்து காட்டுறன். பிழையாச் சொன்னா, கண்டக்குழியில ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான். அதை நான் பாத்துக்கொள்ளுவன்."

ஹிஸ்புல்லா உள்ளேயிருந்து ஓடிவந்தார். இதெல்லாம் முறையில்லை, படிவம் இல்லை, எந்தப் பண்ணை என்ற விபரம் இல்லை என்று தொடங்கினார். ஸுல்பிகா பையை வாங்கி றிப்னாவின் கையில் கொடுத்துவிட்டார்.

"சேர், இவங்களுக்கு நான் எப்படிச் சோதினை வைக்கிறதெண்டு ரெண்டு கிழமையா யோசிச்சிட்டு இருந்தன்," என்றார். "ஐயா வினாத்தாளே கொண்டு வந்திருக்கிறார்."

பஸ்தியான் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு ஸுல்பிகாவுக்குப் பிடித்திருந்தது. பொறி வைத்துவிட்டுப் போகிறவரின் சிரிப்பு. எங்கே வைத்திருக்கிறார் என்பது ஸுல்பிகாவுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை மாணவர்களை விட அவருக்குத்தான் கூட இருந்தது. ஆனால் ஒரு போத்தலையும் தொடவில்லை.

இரண்டு நாள் வேலை. அருள்குமரன் வெட்டினான், இந்த முறை மெதுவாக. றிப்னா கலந்தாள். இறாலின் மரபுப்பொருள் ஒழுங்காகப் பிரிந்து வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு குழாயிலும் இறாலுக்கே உரிய இன்னொரு கோட்டையும் தேடுவார்கள். வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கோடு வரவேண்டும். வராவிட்டால் வேலை பழுது.

வியாழக்கிழமை நீல விளக்கைப் போட்டார்கள். தண்ணீர் இருட்டு. இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். ஒன்றும் இரண்டும் சுகம். ஐந்தில் வைரஸ் கோடு பளபளத்தது. நாலிலும் ஆறிலும் மெல்லிய கோடு, நூல் மாதிரி, ஆனால் இருந்தது. மூன்றாம் போத்தலில் வைரஸும் இல்லை, இறாலின் கோடும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"நான்தான் கெடுத்திட்டன்," என்றான் அருள்குமரன். "ஸ்பிரிட் காயிறதுக்கு முதல் அரைச்சிருப்பன்."

"இல்ல, நான் மருந்து விட மறந்திருப்பன்," என்றாள் றிப்னா.

முதல் கிழமையில் ஒருவரையொருவர் குற்றம் சொன்னவர்கள் இப்போது தங்களைத் தாங்களே குற்றம் சொன்னார்கள். கதிரையில் இருந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஸுல்பிகா இதைக் கவனித்தார். தாளைப் புரட்டும் சாட்டில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூன்றாம் போத்தலை இன்னொரு முறை செய்தார்கள். இருவரும் தனித்தனியாக, ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்காமல். இரண்டு முறையும் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஓடிய மற்ற இறாலெல்லாம் ஒழுங்காகக் கோடு காட்டின.

"மிஸ், மூண்டில என்ன எழுதுறது?"

"கண்டதை எழுதுங்க."

"கண்டது ஒண்டும் இல்லயே."

"அப்ப அதுக்கு என்ன அர்த்தமெண்டு எழுதுங்க. கையெழுத்தும் ஒங்கடதான். நான் போடமாட்டன்."

றிப்னா அன்றைக்கு முழுக்க அந்த ஒற்றை வரியோடு போராடினாள். எழுதுவாள், வெட்டுவாள். "மாதிரி பழுதடைந்துள்ளது" என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பாதுகாப்பான வசனம். ஆனால் மாதிரி பழுதில்லை என்று அவளுக்குத் தெரியும். அருள்குமரன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து, நகத்தால் கிழித்துப் பார்த்தான். இறால் சதை நார் நாராகப் பிரியும். இது றப்பர் மாதிரி இழுபட்டது. அவன் றிப்னாவைப் பார்த்தான். அவள் பேனையை எடுத்தாள்.

சனிக்கிழமை பஸ்தியான் மனைவி மார்த்தாவையும் ஏற்றிக்கொண்டு வந்தார். மார்த்தா பெரிய உருவம், சின்னக் குரல். தன் கணவன் வெல்வதைப் பார்க்க அழைத்துவரப்பட்டிருக்கிறார் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

றிப்னா அறிக்கையை வாசித்தாள்.

"ஒண்டு, வைரஸ் இல்லை. ரெண்டு, வைரஸ் இல்லை."

"ம்." பஸ்தியான் தலையாட்டினார். "ஒண்டு பக்கத்துப் பண்ணைக் குளம். ரெண்டு கடல் இறால்."

"மூண்டு..." அவள் நிறுத்தினாள். "மூண்டாம் போத்தில்ல இருக்கிறது இறாலே இல்ல."

மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டார். சேலைத் தலைப்புக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின.

"கணவாய் மீன்," என்றார் பஸ்தியான். சொல்ல மனமில்லாமல் சொன்னார். "இவள்தான் வெட்டித் தந்தது. எப்பிடித் தெரிஞ்சது?"

"அதுல இறாலுக்குரிய கோடு வரல்ல. ரெண்டு தரம் பாத்தம்," என்றான் அருள்குமரன். இப்போது அவனுக்கும் குரல் வந்திருந்தது. "அஞ்சில வைரஸ் நல்லாக் கூடுதல்."

"சரி. அது முந்தல் பக்கம் செத்த குளத்து இறால். சிநேகிதன் ஒருத்தன்ட. ஐஸில வச்சிருந்தன்." பஸ்தியானின் முகத்தில் எள்ளல் போய், சூதில் நல்ல எதிராளியைக் கண்ட மகிழ்ச்சி வந்திருந்தது. "மிச்சம் ரெண்டையும் சொல்லு மகள்."

றிப்னா ஸுல்பிகாவைப் பார்த்தாள். ஸுல்பிகா யன்னலுக்கு வெளியே லொறி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலிலயும் ஆறிலயும் வைரஸ் இருக்கு. கொஞ்சம்தான். ஆனா ரெண்டிலயும் ஒரே அளவு. ரெண்டும் ஒரே குளமெண்டு நினைக்கிறம்."

பஸ்தியான் சேட்டுப் பையிலிருந்து கடதாசியை எடுத்தார். ஆனால் விரிக்கவில்லை.

"ஒரே குளம்தான்," என்றார். "ஒரே இறாலுக்கு ரெண்டு கதை சொல்லுவீங்களெண்டுதான் ரெண்டு போத்தில்ல போட்டன்." பிறகு, "அது என்ட குளம்."

யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் எழுந்தார். "பொய்! என்ட இறால் துள்ளுது. தண்ணிக்கும் வருத்தமெண்டு சொன்ன ஆக்கள்தானே நீங்க!"

றிப்னாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் எழுந்து போய் ஜெலிப் பலகையின் படத்தைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள்.

"இந்தா பாருங்க ஐயா, இதுதான் தண்ணி. கருப்பு. அந்தக் கிழமை எங்கட கை அழுக்கு, தண்ணிக்கு வருத்தமெண்டு வந்திச்சு. இந்தக் கிழமை கை சுத்தம். இது நாலு. இது ஆறு. ஒங்கட ரெண்டு போத்திலும் ஒண்டையொண்டு பொய் சொல்லவிடல்ல."

பஸ்தியான் படத்தைப் பார்த்தார். மார்த்தாவும் எட்டிப் பார்த்தார். பேசியது மார்த்தாதான்.

"ரெண்டு நாளா விடிய இறால் கரைக்கு வந்து நிக்குதெண்டு சொன்னனா இல்லயா? தீனும் மிஞ்சுதெண்டு சொன்னனா இல்லயா? நீங்க கணவாய் வெட்டுற ஆசையில கேக்கல்ல."

அன்றைக்கே ஸுல்பிகா இரண்டு பேரையும் ஆய்வுகூட வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கண்டக்குழிக்குப் போனார். அருள்குமரன் வீச்சுவலை எறிந்தான். உடப்புக்காரனின் வலை ஒழுங்காக வட்டம் விரிந்து விழுந்ததில் பஸ்தியானுக்கே அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. கரையில் ஒதுங்கி நின்ற ஓர் இறாலின் தலை ஓட்டைக் கழற்றி, றிப்னா சூரியனுக்கு எதிரே பிடித்தாள். ஓட்டின் உட்புறம் ஊசிமுனை அளவில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள்.

பஸ்தியான் வரப்பில் குந்திவிட்டார்.

"மதகைத் திறந்து தண்ணிய விட்டிட்டு இறாலை அள்ளட்டா?"

"மதகைத் திறந்தா பக்கத்துக் குளமும் போகும்," என்றான் அருள்குமரன். "அதுதான் ஒண்டாம் போத்தில். சுகமா இருக்கு. தண்ணி நிக்கட்டும் ஐயா, வலை போட்டு அள்ளுவம். பிறகு தண்ணிக்குக் குளோரின் போடுவம்."

"இன்டைக்கு அள்ளினா விக்கலாம்," என்றார் ஸுல்பிகா. அது ஒன்றைத்தான் அவர் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தார். "சாப்பிடுற ஆக்களுக்கு ஒண்டும் வராது. நாலு நாள் போனா அள்ள ஒண்டும் இருக்காது."

பிறகு நடந்தது கலியாண வீட்டு ஆரவாரம். மருமக்கள் படகை விட்டுவிட்டு வந்தார்கள். வெள்ளைக்காரர் இரண்டு பேர் ஆடை நனைய இறங்கி வலை இழுத்தார்கள். ஏன் இழுக்கிறோம் என்று அவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பஸ்தியான் ஊருக்குத் தெரியாமல் முடிக்கவேண்டும் என்று கெஞ்சினார். மார்த்தா நேரே பக்கத்துப் பண்ணைக்கு நடந்துபோய், தன் சின்னக் குரலில், கணவாய் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து பஸ்தியானின் கையைப் பிடித்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பஸ்தியான் கையை இழுத்துக்கொண்டார். அவரோ, "மதகைத் திறக்காம விட்டீங்களே," என்று சொல்லிவிட்டுத் தானும் வலைக்கு இறங்கினார்.

தன் இரண்டாவது குளத்து இறாலைத் திங்கட்கிழமையே பஸ்தியான் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை தலையோடும் வாலோடும், படிவம் நிரப்பி. அது சுகமாக இருந்தது. அதற்குப் பிறகு கண்டக்குழியிலிருந்து கிழமைக்கு நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் ஒரு போத்தலில் ஏதாவது ஏமாற்று வைத்துக் கொண்டுவந்தார்கள். நண்டு, பொரித்த இறால், ஒருமுறை தேங்காய்த் துண்டு. அருள்குமரன் தேங்காயைக் கண்ணாலேயே கண்டுபிடித்து, அறிக்கையில் "சம்பல் அரைக்க உகந்தது" என்று எழுதினான். ஹிஸ்புல்லா அதைச் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

பயிற்சி முடிகிற வெள்ளிக்கிழமை, ஸுல்பிகா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டிய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நல்ல புள்ளிதான் போட்டிருந்தார். ஆனால் காட்டவில்லை. றிப்னா மூன்று முறை தேநீர் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். மூன்று முறையும் அவர் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீரை மட்டும் எடுத்தார்.

அப்போது வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. மார்த்தா இறங்கினார். கக்கத்தில் ஒரு சிவப்புக் கோழி. கோழி கழுத்தைச் சாய்த்து, அரைக்கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மிஸ், மூண்டு நாளா இது சாப்பிடுதில்ல. மூக்கால தண்ணி வருது. அந்தப் பிள்ளையளிட்டக் காட்டலாமெண்டு வந்தன்."

ஹிஸ்புல்லா ஓடிவந்தார். "இது இறால் ஆய்வுகூடம்! கோழிக்கு மிருக வைத்தியர் இருக்கிறார்!"

"அவர் பாத்தாலும் ஒங்கட பிள்ளையள் மாதிரி வருமா?" என்றார் மார்த்தா.

ஸுல்பிகா கோழியைப் பார்த்தார். பிறகு மாணவர்களைப் பார்த்தார். இரண்டு பேருடைய கண்களும் ஏற்கெனவே மேசை இழுப்பு லாச்சியில் பஞ்சுக் குச்சியைத் தேடிக்கொண்டிருந்தன.

"மாதிரிய எடுத்து மிருக வைத்தியருக்கு அனுப்புறதுல பிழையில்ல, சேர்," என்றார். "வெளியில மரத்துக்குக் கீழ வச்சு எடுங்க. உள்ள கொண்டுவரப்படாது."

றிப்னா குச்சியோடு போனாள். கோழி ஒரு கண்ணை முழுதாகத் திறந்தது.

"மிஸ், எந்தப் பக்கத்தால எடுக்கிறது?"

"கொத்தாத பக்கத்தால, புள்ள," என்றார் ஸுல்பிகா. படிவத்தில் இன்னும் ஒரு புள்ளியைக் கூட்டிப் போட்டார்.